மின்கம்பியும் மனைவியின் காற்புண்ணும்

1991இல், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நெற்கழனிக்கு மேலே உயரழுத்த மின்கம்பி சென்றது. அதனடியில் நாள்தோறும் களையெடுத்த என் மனைவியின் காற்புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மெல்லிய மின்காந்த அலைகளும் புண்ணை ஆற்ற உதவும் இரத்த வெள்ளணுக்களைச் சோர்வுறச் செய்யக்கூடும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். கம்பியைப் பார்வையிட வந்த பொறியாளரோ, கீழே ஒன்றுமே இறங்காது என்று அருள்வாக்கு அளித்தார்.

அந்திப்பொழுதில், இணைப்பேதுமில்லாத டியூப்லைட்டை அவர்முன் தூக்கிப் பிடித்தேன். மங்கலாக எரிந்தது.

"ஒண்ணும் எறங்கலன்னா இது இன்னாத்துக்கு சார் எரியுது?"

"நல்ல டியூப்பு பெரியவரே, வூட்ல மாட்டிக்குங்க."

அந்த விஞ்ஞான விளக்கத்துக்குத் தலைவணங்கி, மனைவியைக் கழனிக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். பத்தே நாளில் புண் ஆறியது. வெள்ளணுக்களை மீட்டுவிட்டதாகப் பூரித்தேன்.

"பத்து நாளா சேத்துல கால் வெக்கல. ஆறாம இன்னா பண்ணும்?" என்றாள் அவள்.