செருஸ்கர் கதையும் திருத்தணி மலையும்

காலை 9.50. அரக்கோணத்தை விட்டு மின்சார ரயில் நகர்ந்தபோது எல்லாம் பிசகத் தொடங்கியது. அங்கிருந்து திருத்தணி பதின்மூன்று கிலோமீட்டர்தான்.

வரலாறு முதுகலை படிக்கும் என் மகள் மகிழ், திருத்தணி மலைக்கோயிலில் தோழியின் கல்யாணம் என்று சொல்லிச் சென்னையிலிருந்து கிளம்பினாள். தனியே அனுப்ப மனம் வராமல் நானும் ஒட்டிக்கொண்டேன். வழியில் அவளுக்கு ஓர் அழைப்பு. "வந்துட்டே இருக்கேன் பாவா" என்றாள். திருநெல்வேலிக்காரனான எனக்கு பாவா என்றால் முஸ்லிம் பெயர். வகுப்புத் தோழன் என்று நினைத்துக்கொண்டேன்.

போனை வைத்தவள், கேட்காமலே செருஸ்கர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பழைய ஜெர்மானியக் குடி. அவர்களுடைய இளம் தலைவன் மூன்று ரோமானியப் படையணிகளைக் காட்டுக்குள் இழுத்து, மழையிலும் சேற்றிலும் வைத்து அழித்தான். வேறொருவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணைக் கூட்டிப்போய் மணந்தான். அவள் அப்பா ரோமானியர் பக்கம். கர்ப்பிணி மகளை அவர்களிடமே ஒப்படைத்தார். ரோமின் வெற்றி ஊர்வலத்தில் அவள் கைதியாக நடக்க, மரியாதை இருக்கையில் உட்கார்ந்து அவர் பார்த்தார்.

"நீங்களா இருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் சொன்னேன்: "அந்த ஆளையும் குத்தம் சொல்ல முடியாதும்மா. பெத்தவன் பேச்சைக் கேக்காமப் போனா அவன் வேற என்ன செய்வான்?"

திருத்தணியில் இறங்கினோம்.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் என்னை உட்காரவைத்து, இன்னொரு தோழியைக் கூட்டிவருவதாகப் போனாள். பதினொரு மணி வரை வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மலைக்கோயிலுக்கு ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய்.

"இங்க பாவான்னு யாரையாவது தெரியுமா?"

ஓட்டுநர் சிரித்துவிட்டார். "எனக்கே நாலு பேரு கீறாங்க சார். அக்கா ஊட்டுக்காரரு பாவா, மாமன் மவன் பாவா. கட்டிக்கிற முறை சார் அது. பள்ளிப்பட்டு பக்கம் பொண்ணுங்க கட்டிக்கப்போறவனயும் அப்படித்தான் கூப்புடும்."

மலைப்பாதையின் வளைவுகள் முடிவதாயில்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போன ஓர் அந்நியனுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கினேன்? அவள் என்னிடம் கேட்டது வரலாறு அல்ல.

மேலே முகூர்த்தக் கூட்டம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கும் மாலைகளுக்கும் நடுவே தேடித் தேடி, ஒரு தூணோரம் நின்றுவிட்டேன். அரக்குப் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார்.

"மகிழோட அப்பாங்களா? நான் பையனோட அம்மாங்கண்ணா, எங்க ஊரு அம்மையார்குப்பம். தாலி கட்டியாச்சி. பொண்ணு உங்கள உள்ளருந்து பாத்துட்டு அழுதுகினு கீது. கூப்புடட்டுமான்னு கேட்டேன். 'கூட யாரையாச்சும் இட்டுகினு வந்திருந்தா, நாங்க போயிட்டோம்னு சொல்லிடுங்க'ன்னுச்சி."

என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தனியாத்தான் வந்தீங்களாண்ணா?"