தறிவீட்டில் தூங்கியவன்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் வியாபாரத்தை முடக்கியவன் நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. தவறிக் கை பட்டும் நடக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து செய்தேன். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அந்தப் புகாரில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. கணவனும் மனைவியும் நெசவு. இருவருக்கும் என் பிள்ளைகளின் வயது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் தறிக்குழியில் கால் வைத்து உட்காருவான், அவள் பக்கத்தில் இருந்து கரைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். அவர்கள் தறி அறை மண்தரை, வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் செய்தித்தாளோடு அங்கே போவது என் வழக்கம். எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலியே போட்டிருந்தார்கள். தறிச் சத்தத்தில் பத்து வரி படிப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

புடவை விற்கவென்று அவள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். தன் பெயரில் அல்ல, இறந்துபோன மாமனாரின் பெயரில். படமும் அவர் படம்தான். அந்தப் பெயருக்கு ஊர் ஊராக மரியாதை இருந்தது. தெருவில் இன்னும் பலர் இறந்தவர் பெயரில்தான் நெசவாளர் சங்க அட்டை வைத்திருக்கிறார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

ஒரு நாள் புதுக் கரையைக் காட்ட அவள் தறி ஓடுவதைக் காணொளியாகப் பிடித்துப் போட்டாள். கரைக்குப் பின்னால் நான் இருந்தேன். மேலே துணியில்லை, வேட்டி முழங்காலுக்கு மேல், வாய் திறந்திருக்கிறது. தறி தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக ஒரு குறட்டை. தாளம் தப்பவில்லை.

கரையை யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். யார் யாரோ வெட்டி எடுத்து, பாட்டுப் போட்டு, மறுபடி மறுபடி பரப்பினார்கள். "வகுப்பில் எங்களைத் தூங்கவிடாதவர் இவர்தான்" என்று என் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். பேருந்து நிலையத்தில் கல்லூரிப் பையன்கள் என்னைக் கண்டதும் குறட்டை விட்டார்கள்.

நான் போய்ச் சொன்னதும் அவள் பதறிவிட்டாள். "ஐயோ, கோச்சிக்காதீங்க சார். பின்னாடி நீங்க இருந்தத நான் பாக்கவே இல்ல" என்று கைகூப்பி, என் முன்னாலேயே அழித்தாள். ஆனால் நகல்கள் அழியவில்லை. அவற்றை எடுக்கச் சொல்லி, அந்த இணையதளத்தை நடத்துகிற பெரிய நிறுவனத்துக்கு எழுதினேன். வீட்டுக்குள் தூங்குகிற மனிதனின் உடம்பு அவனுடையது இல்லையா என்று கேட்டு, நல்ல ஆங்கிலத்தில். "எங்கள் விதிகளுக்கு மாறாக இதில் எதுவும் இல்லை" என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. மனிதன் எழுதிய பதில் அல்ல. மறுபடி எழுதினேன், அதே வரி வந்தது.

அந்த நிறுவனத்தை அடிக்க எனக்குக் கை எட்டவில்லை. எட்டியது பக்கத்து வீடு.

நிறுவனத்தின் படிவத்தில் இன்னொரு வகைப் புகாரும் இருந்தது: கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டார் என்று தெரிவிப்பது. சான்று கேட்டார்கள். மாமனார் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் படம் என்னிடம் இருந்தது. அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான். அனுப்பினேன். என் மானத்துக்குக் காது கேட்காத இயந்திரத்துக்கு, சாவு மட்டும் உடனே கேட்டது. மறுநாள் பக்கம் பூட்டப்பட்டு, மாமனாரின் படத்துக்கு மேல் நினைவஞ்சலி வாசகம் வந்துவிட்டது. நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

சில நாட்கள் உள்ளூரத் திருப்தியாகவே இருந்தேன். பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் தறிச் சத்தம் நின்றது. மதியத் தூக்கம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். என் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அவன் குழியில் கால் தொங்கவிட்டு, நெய்யாமல் உட்கார்ந்திருந்தான். தறியில் அரக்குக் கரையோடு பாதிப் புடவை.

"இன்னாப்பா, வேலை நின்னுடுச்சா?" என்றேன்.

அவள்தான் சொன்னாள். அது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. திண்டுக்கல் பக்கத்துப் பெண், வேலை பெங்களூரில். அவளுடைய அம்மாவின் முகூர்த்தப் புடவையை நெய்தவர் இந்த மாமனார்தான். அது நைந்துபோய்விட, அதே கரையில் தனக்கொன்று வேண்டும் என்று நெய்தவர் பெயரை இணையத்தில் தேடிப் பிடித்து வந்திருக்கிறாள். பேச்சு, படம், நிறம், எல்லாம் அந்தப் பக்கத்தின் உள்ளேதான். தை மாதம் கல்யாணம் என்பது தெரியும், போன் எண் தெரியாது. அறுப்புக்கு முன், அதாவது புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்குவதற்கு முன், காசைத் தொடக்கூடாது என்பது மாமனார் வைத்த கட்டு. அதனால் முன்பணம் வாங்கவில்லை, வங்கிக் கணக்கிலும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

"அந்தப் பொண்ணு இன்னா நினைச்சிக்கினு இருக்கும் சார்? நெய்யறவரே செத்துட்டாரு, புடவை வராதுன்னுதானே?"

"இது அந்தத் தெருமுனைப் புடவைக் கடைக்காரன் வேலைதான்" என்று அவன் எழுந்தான். "நம்ம பக்கத்தப் பாத்து வயிறு எரிஞ்சிக்கினு இருந்தான். இன்னிக்கு அவன் சட்டையப் புடிச்சிக் கேக்கறேன்."

அவன் சொன்ன கடைக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். இவனோ சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் கால் நுழைத்துவிட்டான்.

"அவர் இல்லப்பா. நான்தான்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முழுதும் சொன்னேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமாவுக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அந்தப் போஸ்டரையா சார் அனுப்பினீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ எங்க மாமாவ ரெண்டாவது தபா சாவடிச்சிட்டீங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி குழியில் போய் உட்கார்ந்தான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே நிறுவனத்துக்கு எழுதினேன். புகார் கொடுத்தவனே கேட்கிறேன், திறந்துவிடுங்கள் என்று. "உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று பதில் வந்தது. தினமும் எழுதினேன், தினமும் அனுதாபம் வந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க இங்கிலீசுக்குக் கூட மயங்காத ஆளு ஒண்ணு இருக்குதே" என்றாள்.

வழி காட்டியது கோயில் வாசல். காமாட்சி அம்மன் கோயிலுக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, சுற்றுலாப் பேருந்தில் வந்த ஒரு குடும்பம் என்னைச் சூழ்ந்துகொண்டது.

"தூங்குற தாத்தாதானே நீங்க? அந்தத் தறி வீடு எங்க இருக்கு?"

வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், அன்று நின்றுவிட்டேன். பக்கம் போயிற்று, பெயர் போயிற்று, எண் போயிற்று. அந்த வீட்டுக்கு உலகத்தில் மிச்சமிருக்கிற முகவரி என் திறந்த வாய்தான்.

நேராகத் தறிவீட்டுக்குப் போனேன். "போனை எடும்மா. மறுபடி படம் பிடி" என்று சட்டையைக் கழற்றினேன்.

"வேணாம் சார். ஏற்கெனவே பட்டது போதாதா?"

"அன்னிக்குக் கேக்காம எடுத்தது. இன்னிக்கு நானா குடுக்கறேன்."

புதுப் பக்கம் யார் பெயரில் தொடங்குவது என்ற பேச்சு வந்தது. கணவன் பெயரைச் சொன்னாள். பல நாட்களுக்குப் பிறகு அவன் என் முன்னால் வாய் திறந்தது அப்போதுதான். "கரைய எடுக்கறது நீ, கலர் சொல்றது நீ. உன் பேரையே போடு."

"என் பேருக்கு யாரு வாங்குவா?"

"மாமா பேரையும் ஒரு காலத்துல எவனுக்கும் தெரியாதும்மா" என்றேன்.

அவள் பெயரிலேயே போட்டோம். நாற்காலியில் சாய்ந்து, வேட்டியைத் தூக்கி, வாயைத் திறந்தேன். அவன் தறியைத் தட்டினான், நான் குறட்டை விட்டேன். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பேசினேன். இந்தத் தறியின் பழைய பக்கத்தை மூட வைத்தது என் கோபம், நெய்கிறவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், அம்மாவின் கரையைக் கேட்ட பெண்ணே, உன் புடவை பாதியில் காத்திருக்கிறது, இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்றேன். முன்பு என்னைப் பரப்பிய பக்கங்களுக்கெல்லாம் நானே அனுப்பி, இதையும் பரப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பரப்பினார்கள். என் பழைய மாணவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். ஊருக்கு ஊர் குறட்டை கேட்டது. முதலில் வந்த அழைப்புகள் எல்லாம் வேறு யாரோ, புடவை கேட்பவர்களும் கேலி செய்பவர்களும். ஒரு காலையில் அவள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினாள்: "சார்! வந்துட்டா சார்! அந்தப் பொண்ணு!"

ஓடினேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். "அக்கா, பெரியவர் தவறிட்டார்னு பாத்ததும் அழுதுட்டேன். கடையில ஏதோ ஒண்ணு எடுத்துக்கலாம்னு அம்மா சொன்னாங்க, எனக்கு மனசே வரல" என்றது குரல். என் பக்கத்தில் நின்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு, கடைக்கு எங்கயும் போயிடாதே. முந்தி மட்டும்தான் பாக்கி" என்று கூசாமல் பொய் சொன்னாள். பாதிப் புடவை பாக்கி இருந்தது. கணவன் அதற்குள் குழியில் இறங்கிவிட்டான்.

அறுப்பன்று பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். தறிக்குக் கற்பூரம் காட்டி, அறுத்து விரித்தார்கள். அம்மா தன் நைந்த புடவையைப் பையிலிருந்து எடுத்து அருகில் வைத்தார். கரையோடு கரை பொருந்தியது. பிறகு அந்தப் பெண் திரும்பி, அன்று மரியாதையாக வெள்ளைச் சட்டையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"இவரா? நம்ப மாட்டேன். சட்டையக் கழட்டச் சொல்லுங்கக்கா!"

வீடே சிரித்தது. கழற்றினேன்.

இன்று அவள் பெயருக்கு ஆர்டர் வருகிறது. வாங்குகிறவர்களின் எண்களைத் தன் போனில் தனியாக வைத்துக்கொள்கிறாள். மாமனாரின் பக்கம் இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறக்க என்னால் முடியவில்லை, அந்தக் கடன் என் பேரில் அப்படியே நிற்கிறது. மதியம் நான் நாற்காலியில் சாய்ந்ததும் அவள் போனைத் தூக்குவதற்கு முன் கேட்கிறாள்.

"எடுக்கலாமா சார்?"

சில நாள் சரி என்கிறேன். வேண்டாம் என்கிற நாட்களில் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாடாவைக் கையில் எடுக்கிறாள். தறி தட்டத் தொடங்குகிறது. நான் தூங்கிப்போகிறேன்.