பிறப்புக்கு முந்திய திருமுழுக்கு

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாட்டுங்காவில் இயங்கிய தமிழ் மன்றம் ஒன்றில் அண்டத்தின் தோற்றம் பற்றி உரையாற்றினேன். நான் வானியல் கற்றவன் அல்லேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுச் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தனாகச் சேர்ந்து, பணி உறுதியாகும் நாளுக்குக் காத்திருந்தவன். எனினும், சொற்களை ஒழுங்காக ஆளத் தெரிந்தவனுக்கு எப்பொருளும் கைவரும் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன்.

உரையில் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டினேன். நிறுவுதல் கணிதத்திற்கே உரியது. ஒருமுறை நிறுவியது பின்னர் மாறாது. அண்டத்தின் தொடக்கத்தை எவரும் அவ்வாறு நிறுவியதில்லை, நிறுவப் போவதுமில்லை. நம்மிடம் இருப்பவை சான்றுகள்: விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அண்மையில், வானத்தின் எத்திசையில் கருவியைத் திருப்பினாலும் ஓயாத மெல்லிய இரைச்சல் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். கோட்பாடு என்பது இவற்றை ஒன்றாக விளக்குவது. அது வெறும் ஊகமன்று. இன்னும் காணாததை முன்கூட்டிச் சொல்லி, அது பொய்த்தால் தலைகுனியும் கடமையும் அதற்கு உண்டு. சில பத்தாண்டுகளுக்கு முன்பு கணக்கிட்டபோது அண்டம் பூமியைவிட இளையதாக வந்தது என்பதையும், அறிஞர்கள் அதற்காக நாணாமல் அளவுகோலைத் திருத்தினர் என்பதையும் சொன்னேன். ஒற்றைச் சான்றை நம்பலாகாது, சான்று முரண்பட்டால் கோட்பாடே வளைய வேண்டும், சான்றை வளைப்பது அறிவுக்கு இழுக்கு என்று முடித்தேன்.

முன்வரிசையிலிருந்து எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் எழுந்தார். மன்றத்தின் செயலாளரும் அவரே.

"எல்லாம் சரி ஓய். அந்த ஆரம்பத்துக்கு முன்னாடி என்ன இருந்தது?"

"தொடக்கத்துக்கு முன் என்பதே பொருளற்ற கேள்வி" என்றேன். கைதட்டினார்கள். கிங்ஸ் சர்க்கிளில் காப்பி ஆறிவிடும் என்ற அவசரமும் அதில் கலந்திருக்கலாம்.

அதே மாதத்தில் என் பணியை உறுதிசெய்வதற்கான படிவம் வந்தது. பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றே போதும். ஆனால் ஒற்றைச் சான்றை நம்பலாகாது என்று மேடையில் முழங்கியவன் நான். எனவே ஊரில் எங்கள் சபைப் போதகரான கோயில் ஐயருக்கு எழுதி, என் திருமுழுக்குப் பதிவின் படியை, என் கை படாமல் நேரே அலுவலகத்துக்கே அனுப்பச் சொன்னேன். அவ்வளவு தூய்மையான சான்று அந்த அலுவலகத்துக்கு அதற்குமுன் வந்திருக்காது.

தலைமை எழுத்தர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரும். நீர் பொறந்தது என்னிக்கு?"

"ஜூன் முதல் தேதி, சார்."

"ஞானஸ்நானம் ஆனது?"

"அது தெரியாது."

"எனக்குத் தெரியும். அதே வருஷம் ஏப்ரல் முதல் வாரம். நீர் பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உமக்குத் தலையில ஜலம் விட்டுட்டா. ஆரம்பத்துக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாதுன்னீரே ஓய்!"

எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர வந்த பிள்ளை, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் உடனே பள்ளி திறக்கும் ஜூன் முதல் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார். எங்கள் வகுப்பு முழுவதும் ஒரே நாளில் பிறந்தது. அதை நான் ஒருநாளும் வியந்ததில்லை.

பணியில் சேரும் நாளில் இருபத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. நான் சேர்ந்தது மே மாதம். ஜூனில் பிறந்தவனானால் தகுதியுடையவன். ஏப்ரலுக்கு முன் பிறந்தவனானால் வீட்டுக்குப் போக வேண்டியவன். இந்த வேலையை நம்பித்தான் தங்கையை ஊரில் ஆசிரியப் பயிற்சியில் சேர்த்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் வேணும்" என்றார்.

தாராவியில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். நான் பிறந்தபோது வீட்டில் இருந்தவர்களில் எஞ்சியவர் அவர் ஒருவரே. நேரில் கண்டவரைக் கேட்பதே முறை.

"நீயா? புளி உலுக்குத சமயத்துல பொறந்தேல. உங்கம்மைக்கு வலி எடுக்கையில முத்தம் பூரா புளி காய்ஞ்சிட்டுக் கெடந்து."

"ஜூன் மாசம் இல்லையா, அத்தை?"

"ஜூன்ல எவம்ல புளி உலுக்குவான்?"

செய்தியைச் சொன்னேன். அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வேலை போயிருமா? அப்பம் ஜூன்னே இருக்கட்டும். நான் வந்து வேதப்புத்தகத்துல கைய வச்சுச் சொல்லுதேன்."

"புளி?"

"புளி என்னல பெரிய புளி! அந்த வருசம் பிந்திக் காய்ச்சிட்டுன்னு சொன்னாப் போச்சு."

முரண்படும் சான்றிலிருந்து கோட்பாட்டைக் காப்பாற்றத் துணைக் கருதுகோள் ஒன்றை இத்துணை விரைவாகப் படைத்தவரை அதன்பின் நான் சந்திக்கவில்லை. அத்தையை அழைத்துச் செல்லவும் எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை எழுத்தர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்தான் ப்ரூஃப். ரூல்லயே இருக்கு. சர்ச் காயிதம் வெறும் எவிடென்ஸ். ரெண்டையும் ஃபைல்ல ஒண்ணா உட்கார வைக்கணும்னா ஒரு தியரி வேணுமோல்லியோ? எழுதிட்டேன். கையெழுத்துப் போடும்."

அந்தப் பதிவேட்டில் உள்ள குழந்தை, அதே ஊரில், அதே பெயரில், அதே பெயருடைய தந்தைக்குப் பிறந்த வேறொரு குழந்தை என்றும், அக்குழந்தை நான் அல்லேன் என்றும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. பிழையற்ற நடை. உண்மையான தாள் என்னை வெளியேற்றும். பொய்யான பள்ளித் தாளோ விதியின் கண்ணில் நிறுவப்பட்டது. தங்கை அந்த வாரம் எழுதியிருந்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்திட்டேன்.

"பேனாவை மூடும் ஓய், மை சொட்டறது" என்றார் அவர், கனிவோடு.

சில வாரங்களில் மன்றத்தின் ஆண்டு மலருக்காக என் உரையை அச்சுக்கோத்துத் திருத்தக் கொடுத்தார்கள். சந்திப் பிழைகளைக் களைந்துகொண்டே கடைசி வரிக்கு வந்தேன்: சான்றை வளைப்பது அறிவுக்கு இழுக்கு. அந்த வரியை நீக்க மனம் வரவில்லை. அது சரியான வரி. செயலாளரிடம் போய், கட்டுரை என் பெயரின்றி வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பேர் இருக்கட்டும் ஓய். யாராவது கேட்டா, அதே பேர்ல அது வேற ஒருத்தன்னு சொல்லிடும்."

மலர் என் பெயரோடு வெளிவந்தது. பணியுறுதி ஆணையும் அதே வாரம் வந்தது.