முகூர்த்தப் புடவைக்கு வந்த அகிலாண்டம்

துறையூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷமாகச் சத்துணவு சமைப்பவள் அகிலாண்டம். எதையும் பொறுத்துக்கொள்வாள், அழுக்கை மட்டும் பொறுக்கமாட்டாள். அவள் தேய்த்த அண்டாவில் முகம் பார்க்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகள் யாழினியை நர்சிங் படிக்கவைத்து, திருச்சி தென்னூரில் சம்பந்தமும் பேசி முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா உமாமகேஸ்வரி, முகூர்த்தப் புடவை எடுக்க மலைக்கோட்டைக்கு வரச்சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். அகிலாண்டத்துக்குச் சர்க்கரை உண்டு. நாக்கு வறண்டுகொண்டே இருந்ததால் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் போனபோது ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் உச்சிப்பிள்ளையார் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருச்சி அவளுக்குப் பிடித்திருந்தது அந்தப் பாலம் முடியும்வரைதான்.

கடைவீதியில் சாக்கடை திறந்து கிடந்தது. அதை ஒட்டியே பஜ்ஜி போட்டார்கள், ஜனங்கள் நின்று தின்றார்கள். ஒரு சந்தில், சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்த சுவர். அந்தச் சாமிகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஆண்கள் வரிசையாகத் திரும்பி நின்றிருந்தார்கள். அகிலாண்டம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

புடவைக்கடை நாலு மாடி. வாசலில் உமாமகேஸ்வரி காத்திருந்தாள். உள்ளே ஏசியும் பன்னீர் வாசனையுமாக வேறு உலகம்போல இருந்தது. ஆனால் ஐந்தாவது புடவையை விரிக்கும்போதே அவளால் உட்காரமுடியவில்லை. சூப்பர்வைசர் ஜூட்டிடம் போய்க் கேட்டாள். கஸ்டமர்களுக்கு டாய்லெட் வசதி இல்லை, வெளியே கட்டணக் கழிப்பறை இருக்கிறது என்று அவன் வாசல் பக்கம் கை காட்டினான்.

உமாமகேஸ்வரிக்குக் கூச்சமாகிவிட்டது. காதோரம் குனிந்து, "கொஞ்சம் அடக்கிக்குங்க சம்பந்தி. நாங்கல்லாம் பஜாருக்கு வந்தா தண்ணியே குடிக்கமாட்டோம்" என்றாள்.

அகிலாண்டத்தால் அடக்கமுடியவில்லை. அந்தக் கழிப்பறைக்குப் போனாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. முன்னால் வந்தவர்கள் விட்டுப்போனதெல்லாம் கால் வைக்க இடமில்லாமல் தரையெங்கும் கிடந்தது. போன வேகத்தில் திரும்பிவிட்டாள்.

மறுபடி கடைக்குள் வந்து, முகம் வேர்க்க ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள். புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் அவளையே கவனித்தாள். பெலிண்டா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. ஜூட் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "அம்மா, ஸ்டாக் காட்டறேன், மேல வாங்க" என்று சத்தமாகச் சொல்லி, மாடிப்படியில் கூட்டிக்கொண்டு போனாள்.

நாலாவது மாடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், வேலை பார்க்கும் பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை. அவர்களே முறை வைத்துக் கழுவுவார்களாம். பினாயில் வாசனையோடு சுத்தமாக இருந்தது. அகிலாண்டம் வெளியே வந்தபோது, கதவோரம் நூலில் தொங்கிய நோட்டில் பெலிண்டா எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"டைம் எழுதணும்மா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான். அதுக்கு மேலன்னா சூப்பர்வைசர்கிட்ட காரணம் சொல்லணும்."

அகிலாண்டம் எட்டிப் பார்த்தாள். பெலிண்டா எழுதியிருந்தது தன் சொந்தப் பேரை. இன்னும் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரியில் அவள் பேர் ஏற்கெனவே ஒருமுறை இருந்தது. கடை சாத்த ராத்திரி ஒன்பதாகும்.

வெளியில் பார்த்த அசிங்கம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது அகிலாண்டத்துக்கு. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். நேரே கீழே போய் அந்த ஜூட்டை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று படியில் கால் வைத்தவளின் மணிக்கட்டைப் பெலிண்டா பிடித்தாள்.

"வேணாம்மா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

அகிலாண்டம் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அதிகம் செய்து பழகாத காரியம் அது. யாழினிக்குப் பிடித்த அரக்குப் புடவையை எடுத்து, பில்லில் விற்றவள் என்று பெலிண்டா பேரைப் போட்டால்தான் வாங்குவேன் என்று நின்று, வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனார்கள். பெரிய பிரகாரத்தின் கல்லில் உட்கார்ந்ததும் உடம்பு குளிர்ந்தது. அகிலாண்டம் மாடியில் நடந்ததை அங்கேதான் சொன்னாள். கேட்டு முடித்த உமாமகேஸ்வரி, கிட்னியில் கல் என்று தான் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்ததை, மகனிடம்கூட முழுசாகச் சொல்லாததை, மெதுவாகச் சொன்னாள்.

"முப்பது வருஷமா இப்படித்தான் சம்பந்தி. யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

அகிலாண்டம் தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். உமாமகேஸ்வரி வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கல்யாண மண்டபம் பார்க்கப் போனார்கள். மேனேஜர்கள் மேடையையும் லைட்டையும் காட்டக் காத்திருக்க, இவர்கள் நேரே பின்பக்கம் போய்க் கழிப்பறைக் கதவுகளைத் தாழ் போட்டுப் பார்த்தார்கள், குழாயைத் திருகினார்கள். மூன்று மண்டபம் வேண்டாமென்றாகி, நாலாவது அமைந்தது. அங்கே மேடை சின்னது, கார் நிறுத்த இடமும் போதாது. மாப்பிள்ளை பாலு முகம் சுளித்தபோது உமாமகேஸ்வரிதான் மகனை அதட்டினாள்.

பெலிண்டாவுக்கும் பத்திரிகை போனது. முகூர்த்த நாளில் கடையில் லீவு கிடையாது, அவள் வரவில்லை.