கொண்டைக்குருவி இன்னும் காயவில்லை

இன்றைக்கு மலையூர் பிரிஞ்சாங்கில் சந்தித்தது யாரைத் தெரியுமா? திலகா அக்காவை! தேயிலைத் தொழிற்சாலை மாடியில் பச்சை இலை வாட்டுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் தூரிகை. கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம், ஒரு பூச்சு காய்ந்தபிறகுதான் அடுத்த பூச்சு. அந்தக் காலத்து முறை.

அடுப்படி ஜன்னலுக்குப் பப்பாளித் தோல் தின்ன வரும் கொண்டைக்குருவியைத்தான் அக்கா வரைந்தார். ஓர் எனாமல் மங்குக் கிண்ணம், பக்கத்தில் இரண்டு மரத்தக்காளி. மங்கின் விளிம்பில் குருவி உட்கார்ந்து பழத்தைப் பார்த்தபடி ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருக்கிறது. அவ்வளவுதான் படம். ஆனால் முன்னால் நின்றால் நகர மனம் வரவில்லை, சத்தியமாக!

வரைந்த பாடு அக்காவுக்குத்தான் தெரியும். குருவி ஓர் இடத்தில் நிற்காது. லாரி ஓட்டும் கணவர் மகேன் பழத்தை விட்டுவைக்க மாட்டார், தின்றுவிடுவார்.

“ஒரு பழந்தானே திலகா! இன்னொன்னு இருக்குல்ல?”

“நெழல வரஞ்சு முடிச்சிட்டேங்க! இப்ப பழம் இல்லாம நெழலு மட்டும் நிக்குது, பாருங்க!”

எப்படியோ படம் முடிந்தது. காயத்தான் இல்லை. மூடுபனியில் துவைத்த சட்டையே காயாத ஊர். அக்காவின் வாழ்க்கையிலேயே முதல் கண்காட்சி இந்தச் சனிக்கிழமை, அதாவது இன்று. ஏற்பாடு செய்யும் ரூபினி டீச்சரோ, “ஈரமா இருந்தா எடுக்க மாட்டேன்கா” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா யோசித்தார். ஊரே நனைந்தாலும் இலை வாட்டச் சூடான காற்று வீசும் இடம் ஒன்று உண்டே! சாக்கில் சுற்றிய படம் தொழிற்சாலை மாடிக்குப் போய், இலைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். குருவியின் நினைப்பில் மறந்துபோனது.

மறுநாள் மானேஜர் புவனேஸ்வரன் துரை அந்தத் தேயிலையில் போட்ட தேநீரை உறிஞ்சினார். துப்பினார்.

“யாருய்யா இதுல கிரிக்கெட் மட்டைய ஊற வச்சது?”

எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, தலை தலையாக மோந்து பார்த்தார். கணக்கு எழுதும் கிராணி முனியாண்டியின் தலையில் எண்ணெய் வழிந்தது.

“இதான்! போய்யா, கொழாயில தலைய நல்லா கழுவிட்டு வா!”

“துரை, வெடிகாலையில தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் லா!” கிராணி அழாத குறை.

வாடை எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் படம் போகும், வேலையும் போகலாம். அதற்குள் கிராணி சட்டையைக் கழற்றி, பல் கிடுகிடுக்கக் குழாயைத் திருகிவிட்டார்.

“துரை! அவுரு இல்ல. குருவி!” அக்கா மாடியைக் காட்டினார்.

துரை மாடி ஏறினார். படத்தின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“இது என்னாம்மா யோசிக்குது?”

“பழத்தத் தின்னலாமா, வேணாமான்னு, துரை.”

“நானும் அதத்தான் யோசிக்கிறேன். ஒன்ன வேலைய விட்டுத் தூக்கலாமா, வேணாமான்னு.” மறுபடி படத்தைப் பார்த்தார். “குருவியே இன்னும் முடிவு பண்ணல. நான் என்னாத்துக்கு அவசரப்படணும்? மொதல்ல இத வெளிய கொண்டு போ. அந்தத் தேயிலையையும் நீயே எடுத்துக்க. நான் விக்க முடியாது.”

அரைகுறை ஈரத்தோடு படம் கண்காட்சிக்கு வந்தது. ரூபினி டீச்சர் ஓரத்தில் விரலை வைத்தார். விரல் பழுப்பானது. டீச்சர் திட்ட வாயைத் திறந்தார், குருவியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு போய்க் கயிறு எடுத்துவந்து முன்னால் கட்டினார்.

படம் மாட்டியாச்சு! அக்காவின் கண்ணைப் பார்க்க வேண்டுமே, எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஞாயிறு மாலை வரை பிரிஞ்சாங் மண்டபத்தில் இருக்கும். பக்கத்தில் இருக்கும் திரிங்காப், லெம்பா பெர்த்தாம் ஊர் ஆட்களே, குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், போக முடியாதவர்கள் இதைப் பகிருங்கள். கையை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அக்கா இலவசமாகத் தேநீர் தருவார். கிரிக்கெட் மட்டை வாடை அடிக்கும். மறுக்காமல் குடியுங்கள், இன்னும் ஒரு மூட்டை இருக்கிறது.