வெட்டி எழுதிய நாடு

இலங்கை குடியரசான வருடத்தைப் பற்றிக் கொலோனில் எங்கள் சங்க மண்டபத்தில் செயலாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். 1972இல் நாங்கள் எல்லோரும் கொதித்து எழுந்தோமாம். அப்போது அவருக்கு நாலு வயது. எனக்குப் பதினெட்டு. கறுப்புக் கொடி கட்டியது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் கொதித்தது மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான். இதை நான் எழுந்து சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு வராது. படித்ததும் ஐந்தாம் வகுப்பு. பின்வரிசையில் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

எனக்கு அந்த வருடம் என்றால் என் கலியாண எழுத்து, அதாவது கலியாணப் பதிவுதான். வைகாசியில் நாட்டுக்குப் பெயர் மாற்றினார்கள். ஆனியில் எனக்கு எழுத்து. பதிவுகாரரிடம் இருந்தது பழைய படிவம். அதன் தலையில் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று அச்சடித்திருந்தது. பெயரை மாற்ற அவசரப்பட்ட அரசாங்கத்துக்குக் கடதாசி அடிக்க அவசரம் இல்லை. அவர் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து அதை வெட்டினார், மேலே 'ஸ்ரீலங்கா' என்று எழுதினார், பக்கத்தில் கையெழுத்தும் சீலும் வைத்தார். என் அக்கா அழத் தொடங்கிவிட்டாள்.

"எழுத்துக் கடதாசியிலை வெட்டுக்கொத்தோ? அபசகுனம். கிழிச்செறிஞ்சுபோட்டு வேறை எழுதச் சொல்லுங்கோ!"

"பிள்ளை, புதுப் படிவம் வர அடுத்த வருசமாகும். மாப்பிள்ளை அதுவரைக்கும் நிப்பாரோ?" என்றார் பதிவுகாரர்.

அந்த அக்கா இப்போது லண்டனில் படுத்த படுக்கை. என் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த வயதில் ஜேர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டேன். அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு கூத்து. பிறப்புச் சான்றிதழில் சிலோன், கடவுச்சீட்டில் ஸ்ரீலங்கா. அவர்களுடைய கணினிப் பட்டியலில் சிலோன் என்று ஒரு நாடே இல்லை. ஆகவே நான் எங்கும் பிறக்கவில்லை. வந்து விளக்கம் சொல்லும்படி நாளும் நேரமும் குறித்து டெர்மின் அனுப்பினார்கள்.

மொழிபெயர்க்கச் செயலாளர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். என் பையில் எழுத்துக் கடதாசியைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"ஐயோ அக்கா, வெட்டின கடதாசியைக் காட்டாதேங்கோ. உள்ளை இருக்கிற மனிசி கள்ளக் கடதாசி எண்டுவாள். நீங்கள் பேசாமல் இருங்கோ, நான் வரலாறு சொல்லுறன்."

சொன்னார். போர்த்துக்கேயரில் தொடங்கினார். அலுவலகப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒல்லாந்தர் வந்தபோது மறுபடியும் பார்த்தாள். வெள்ளைக்காரன் கண்டியைப் பிடிக்கும் முன்னமே என் கோப்பை மூடிவிட்டாள். தூதரகத்திலிருந்து கடிதம் எடுத்து வர வேண்டுமாம். அதற்கு அரை வருடம் செல்லும்.

"அக்கா, ஒண்டும் செய்யேலாது. இவைக்கு எங்கடை வரலாறு விளங்காது" என்று செயலாளர் எழும்பினார்.

அரை வருடம். என் அக்காவுக்கு அவ்வளவு இருக்குமோ என்று யாருக்குத் தெரியும்? நான் எழும்பவில்லை. கடதாசியை எடுத்து மேசையில் விரித்தேன். வெட்டின சொல்லில் விரலை வைத்து, ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிக் கற்ற ஜேர்மனில் 'பழசு' என்றேன். மேலே எழுதியதில் வைத்து 'புதுசு' என்றேன். பிறகு 'ஒரே நாடு' என்றேன். என் வரலாறு அத்தோடு முடிந்தது.

அவள் சீலைப் பார்த்தாள், திகதியைப் பார்த்தாள், எழும்பிப் போய்ப் பிரதி எடுத்து வந்தாள். "இதை ஏன் முதலே காட்டவில்லை?" என்று கேட்டாள். செயலாளர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. அடுத்த கூட்டத்தில், அரிய ஆவணம் ஒன்றைச் சமர்ப்பித்து ஒரு தாய்க்குக் குடியுரிமை எடுத்துக் கொடுத்ததாக அவர் மேடையில் சொன்னாராம். கைதட்டலும் கிடைத்ததாம். நான் அங்கே இல்லை. லண்டனில் அக்காவின் கட்டில் ஓரத்தில் இருந்தேன். கடதாசியைக் கையில் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெட்டை மட்டும் கனநேரம் பார்த்தாள்.

"உந்தக் கடதாசியை அப்பவே கிழிச்செறியச் சொன்னனான். ஆர் என்ரை சொல்லைக் கேட்டனீங்கள்?" என்றாள்.