பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

அப்பா ஆசையாகப் பார்த்த ஒரே கொலைப் படம், கொலைகாரன் யார் என்று தெரியாமலே நின்றுபோனது. அதற்கு அவரும் ஒரு காரணம்.

சங்கராபுரத்துப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் அந்த வாரம் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஜமீன் பங்களா, அதில் ஒரு கணக்குப்பிள்ளை, மாடிப்படியில் ஒரு பிணம், அதைப் பார்த்து ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியும் இரண்டு போலீஸ்காரர்கள். விருந்துக்கு வந்த வித்தைக்காரன் ஒருவன், மடியில் மரப்பொம்மையை உட்கார வைத்து, உதடு அசையாமல் பேசுவான். அவன் சொல்லப் பயப்படுவதையெல்லாம் பொம்மை சொல்லும். "ஜமீன்தாரே, சாப்பாட்டில் உப்பும் இல்லை, உங்கள் முகத்தில் களையும் இல்லை" என்று அது சொன்னபோது, ஆண்கள் பக்கம் இருந்த அப்பா, பெண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டைச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி என் தோளில் அடித்துச் சிரித்தார். கரும்பு வெட்டுகிற கை. வலித்தது.

"அவன் வாயையே பாரு பாப்பா. கீழ் ஒதடு லேசா ஆடுது. புடிச்சிட்டேன்."

"ஆடலப்பா."

"ஆடுது, நல்லா பாரு."

போலீஸ் அந்த வித்தைக்காரனைத்தான் சந்தேகப்பட்டது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பாவம், ஏழ. அவன் பண்ணியிருக்க மாட்டான்."

ரீல் மாற்ற விடும் மூன்றாவது இடைவேளை முடிந்தும் விளக்கு அணையவில்லை. கொட்டகைக்காரர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "கடசி ரெண்டு ரீலு வரலைங்க. வடக்கனந்தல்ல ஓடிட்டு பஸ்ல வரணும். ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

மணலை வாரி இறைத்தார்கள், விசில் அடித்தார்கள். அப்பா மட்டும் என் காதருகே குனிந்தார். "அந்தப் புளியமரம் நான் வெட்டுனதுதான். யாராண்டயும் சொல்லிடாத."

படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஆண்கள் எல்லாரும் மறியலுக்குப் போன நாட்கள் அவை. அன்று காலையில் அப்பாவும் கோடாலியோடு போயிருந்தார். ஏன் போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "ஒம்போதாவது படிக்குதே ஒன்னு, அதுக்கு நாளைக்கி எடம் வேணாமா?" என்றாராம்.

கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி என் கையில் கொடுத்தார். "இதுல கத பூரா போட்டிருப்பான். காலைல படிச்சிச் சொல்லு."

காலையில் நான் எழுந்தபோது அப்பா இல்லை. மரம் வெட்டியவர்களைப் பிடித்து வேனில் ஏற்றியிருந்தார்கள். பிறகு கடலூர் ஜெயில் என்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெருவுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் படிப்பேன். படிக்கும்போது கிழவர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். கையெழுத்து புரியாத இடத்தில் புரியவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமாக எதையாவது சேர்த்துப் படித்துவிடுவேன்.

எட்டாம் நாள் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆட்டுக்குத் தழை போடவும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும். கொலை செய்தது யார் என்று புத்தகத்தில் பார்த்து எழுதவும். பொம்மைக்காரன் இல்லை என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், உண்மையான கொலைகாரன் யார், வெள்ளித்திரையில் காண்க என்று இருந்தது. அவ்வளவுதான். அதை அப்படியே எழுதியிருக்கலாம். படித்த மகளிடம் பதில் இல்லையா என்று ஜெயிலில் பத்துப் பேர் கேட்பார்களே என்று தோன்றியது. கொலை செய்தவர் ஜமீன் கணக்குப்பிள்ளை, பொம்மைக்காரன் நிரபராதி, புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா வந்தார். கூடவே ஓர் இருமலும் வந்தது. அதன் பிறகு அவர் கரும்பு வெட்டப் போகவில்லை. ஒரு மத்தியானம், கல்வராயன் மலைப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"அந்தப் புத்தகத்த எடும்மா. கடசிப் பக்கத்த மட்டும் படி."

முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் கையை நிறுத்தினாள். நான் பக்கத்தை விரித்து, இல்லாத வரிகளை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கணக்குப்பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்பதுவரை சேர்த்தேன். அப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா படிச்ச" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த தை பிறக்கும்போது அப்பா இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, ஜெயிலில் அவரோடு இருந்த ஒருவர் வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என்னைப் பார்த்து, "லெட்டர் போட்ட பொண்ணு நீதானா?" என்று கேட்டார்.

"ஒன் லெட்டர வச்சிக்கினு ஒங்கப்பா எங்கிட்ட மல்லுக்கு நின்னாரும்மா. நான் அந்தப் படத்த மூணு வாட்டி பாத்தவன். பொம்மக்காரன்தான் கொல பண்ணான்னேன். 'எம்பொண்ணு அச்சுல பாத்து எழுதியிருக்குது, நீ இன்னா பெரிசா கண்ட'ன்னாரு. 'யோவ், எந்தப் பாட்டுப் புத்தகத்துலய்யா முடிவப் போடுவான், அப்புறம் எவன் கொட்டாய்க்கு வருவான்'னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதோட அவரு அந்தப் பேச்ச எடுக்கல. வெளிய வர்ற அன்னிக்கி மட்டும் சொன்னாரு, 'வூட்டுக்குப் போயி கேட்டா அது நெசத்தச் சொல்லும்'னு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இன்று நான் கள்ளக்குறிச்சியில் ஆசிரியை. எங்கள் தெருவில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன். பரணிலிருந்து அந்தப் புத்தகத்தை அம்மா எடுத்துக்கொடுத்தது போன மாதம்.

"அப்பாவுக்குப் படிச்சியே, அதப் படி. கேக்கணும்போல இருக்குது."

பக்கத்தை விரித்தேன்.

"இதுல முடிவு போடலம்மா."

அம்மா என்னையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கி இன்னா படிச்ச?"